டிக் சத்தம் வந்தா செல்ஃப் ரிலே நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ஒரு வாசகர், ஜனவரி 6

அண்ணே, என்கிட்ட இருக்கறது பழைய கார்புரேட்டர் பெட்ரோல் கார். சாவியைத் திருப்பினா சில நேரம் ஒரே ஒரு டிக், அதோட சரி. சில நேரம் அந்த டிக்கும் கிடையாது. திரும்பத் திரும்ப திருப்பிக்கிட்டே இருந்தா திடீர்னு ஒழுங்கா எடுத்துடுது. பேட்டரி போன வருஷம் மாத்தினது. எல்லாரும் ஸ்டார்ட்டர் ரிலே (செல்ஃபை ஆன் பண்ற சின்ன சுவிட்ச் டப்பா) போச்சுங்கறாங்க, புதுசு ஒண்ணு வாங்கி கையில வச்சிருக்கேன். ஆனா டிக்குனு சத்தம் வருதுன்னா ரிலே வேலை செய்யுதுன்னு தானே அர்த்தம், அப்புறம் எதுக்கு மாத்தணும்?

ஜனவரி 6, இரவு 9.40

டிக் வந்தா ரிலேக்குள்ள இருக்கற காயில் வேலை செய்யுது. அவ்ளோதான் அர்த்தம். அதுக்கு மேல அந்த சத்தத்துல ஒண்ணும் இல்ல.

ரிலேக்குள்ள ரெண்டு தனித்தனி பாதை இருக்கு. 85, 86-னு நம்பர் போட்ட பின் ரெண்டுக்கும் நடுவுல காயில், சாவி திருப்பினா அதுல கொஞ்சூண்டு கரண்ட் ஓடி காந்தம் ஆகும். அது ஒரு தகட்டை இழுத்து 30, 87-ங்கற பின் ரெண்டையும் ஒட்ட வைக்கும். தகடு போய் முட்டுற சத்தம்தான் டிக். முட்டின இடம் சுத்தமா இருக்கா, கருகிப் போயிருக்கா, அது வழியா உருப்படியா கரண்ட் போகுதா, இதெல்லாம் சத்தத்துக்குத் தெரியாது. கருகின கான்டாக்டும் டிக்னுதான் சொல்லும்.

இன்னொண்ணு, எந்த டிக்? ரிலே சத்தம் சின்னதா, நகத்தால தட்டின மாதிரி இருக்கும். செல்ஃப் மோட்டார் மேல உக்காந்திருக்கற சோலினாய்டு (ரிலே கரண்ட் விடற பெரிய காந்த சுவிட்ச், அதுதான் மோட்டாரை ஓட்டும்) சத்தம் கனமா "டக்"னு இரும்பு மோதுற சத்தம். ரிலே மேல விரலை வச்சுக்கிட்டு வேற யாரையாவது சாவி திருப்பச் சொல்லுங்க, காதை நம்பாதீங்க.

ஜனவரி 6, இரவு 9.55

புது ரிலேவை இப்போ மாட்டாதீங்க. மாட்டினா ஒருவேளை எடுக்கும், அப்புறம் எது சரியாச்சுன்னே தெரியாம போயிடும். ரிலேவைக் கழட்டி சொருகினதுலயே பின்னு உரசி சுத்தமாகி ரெண்டு வாரம் ஓடும், நாம புது ரிலேவைக் கும்பிட்டுக்கிட்டு இருப்போம்.

ஜனவரி 7, காலை

முதல்ல பேட்டரி. போன வருஷம் மாத்தினதுங்கறது எனக்கு ஒரு தகவலே இல்ல. ராத்திரி பூரா நின்ன வண்டில, எதையும் ஆன் பண்ணாம வோல்ட் பாருங்க. 12.6 இருந்தா ஃபுல், 12.4 இருந்தா பரவால்ல, 12.2-ன்னா பாதிதான் இருக்கு. அது முடிஞ்சதும் இன்ஜின் சுத்துற நேரத்துல பேட்டரி முனையிலயே பாருங்க, 9.6-க்குக் கீழ போகக் கூடாது. போனா ரிலே பேச்சையே எடுக்க வேணாம், பேட்டரியைப் பாத்துட்டு வாங்க.

விடாம டிக் டிக் டிக்னு மிஷின் மாதிரி அடிச்சா அது பெரும்பாலும் பேட்டரி வீக், இல்லன்னா டெர்மினல் லூஸ். சோலினாய்டு இழுக்கும், மோட்டார் கரண்டை உறிஞ்சும், வோல்ட் படுத்துடும், சோலினாய்டு விட்டுடும், வோல்ட் திரும்ப ஏறும், மறுபடி இழுக்கும். உங்களுக்கு ஒத்தை டிக், அதனாலதான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஜனவரி 7, மதியம்

"மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி வச்சுப் பாத்தேன், பீப் அடிக்குது, ரிலே ஓகே"ன்னு இன்னொருத்தர் எழுதியிருக்கார். பாதை அறுபடாம இருக்குன்னு மட்டும் சொல்ற அந்த பீப் எதுக்கும் உதவாது. மீட்டர் அனுப்பறது மில்லி ஆம்பியர் கணக்குல கரண்ட், சோலினாய்டு கேக்கறது முதல் இழுப்புல 30, 40 ஆம்பியர். அடைஞ்ச பைப்ல கூட குழாயை மூடி வச்சா பிரஷர் ஃபுல்லா காட்டும், திறந்தாதான் சொட்டுறது தெரியும். கான்டாக்ட்ல வெறும் 0.1 ஓம் கருக்கல் இருந்தா 30 ஆம்பியருக்கு 3 வோல்ட் அங்கயே காணாம போகும். 0.1 ஓம் எல்லாம் சாதா மீட்டர்ல வயரோட சேத்து ஒழுங்கா அளக்கவே முடியாது.

அதனால ஓம் வேணாம், வோல்ட்ல வைங்க. ரிலே சாக்கெட்லயே இருக்கட்டும், சாக்கெட் பின்பக்கமா வயர் நுழையற ஓட்டை வழியா ஊசி மாதிரி ரெண்டு மீட்டர் ப்ரோப், ஒண்ணு 30-ல, ஒண்ணு 87-ல. சும்மா இருக்கும்போது 12 காட்டும், அது சரி, சுவிட்ச் திறந்திருக்கு. சாவி திருப்பி பிடிச்சிருக்கும்போது அது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரணும். 0.2-க்குள்ள இருந்தா கான்டாக்ட் நல்லது. ஒண்ணு, ரெண்டுன்னு நின்னா கான்டாக்ட் தின்னுக்கிட்டு இருக்கு. டிக் கேட்டும் 12-லயே நின்னா கான்டாக்ட் சேரவே இல்ல.

இந்த அளவு செல்ஃப் எடுக்காத நேரத்துல எடுத்தாதான் மதிப்பு. எடுக்கற நேரத்துல எல்லாமே நல்ல பிள்ளையா இருக்கும்.

ஜனவரி 7, மாலை

"ஸ்க்ரூடிரைவர் வச்சு செல்ஃப் மோட்டார்ல ஷார்ட் பண்ணிப் பாரு, எடுத்துச்சுன்னா ரிலேதான் கம்ப்ளைன்ட்." யார் சொன்னாலும் இதைக் கொஞ்சம் நிதானமா கேளுங்க. பண்ணக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன், நானும் ரோட்டோரத்துல பண்ணிருக்கேன். ஆனா கியர்ல இருக்கற வண்டியை முன்னாடி நின்னு ஷார்ட் பண்ணி, வண்டி ஆள் மேலயே பாஞ்ச கதையெல்லாம் மெக்கானிக் வட்டாரத்துல ஏகப்பட்டது. சாவி வழியா போற வரைக்கும் நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் இருக்கற வண்டில அது காப்பாத்தும், ஸ்க்ரூடிரைவர் அதையெல்லாம் தாண்டிடும். அப்புறம் சார்ஜ் ஏறிட்டிருந்த பேட்டரி மேல ஹைட்ரஜன் நிக்கும், பக்கத்துல பொறி வேணாம்.

இதை விட சுத்தமான வழி, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, ரிலேவை உருவிட்டு, சாக்கெட்ல 30 ஓட்டையையும் 87 ஓட்டையையும் தடியான வயரால ஒரு செகண்ட் சேருங்க. முனைக்கு ஸ்பேடு லக் (தட்டையான சொருகு முனை) அடிச்ச வயரா இருக்கட்டும், பின்னைக் குத்தி சாக்கெட்டை அகலமாக்கிடாதீங்க, அப்புறம் அதுவே புது லூஸ் கனெக்‌ஷன். சேத்ததும் இன்ஜின் ஜம்முனு சுத்தினா செல்ஃப் மோட்டார், பெரிய கேபிள், பேட்டரி எல்லாம் இந்த நிமிஷத்துக்கு நல்லாருக்கு.

அதே ஷேப்புல ஹாரன் ரிலே இருந்தா மாத்திப் போட்டும் பாக்கலாம். அது காசில்லாத டெஸ்ட். பின் நம்பர் ஒண்ணான்னு பாத்துட்டு போடுங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஜனவரி 9

கேள்வி கேட்ட தம்பி அளவு போட்டிருக்கார். பேட்டரி 12.5, சுத்தும்போது 10.4. டிக் மட்டும் வர்ற நேரத்துல 30-க்கும் 87-க்கும் நடுவுல 5 வோல்டுக்கு மேல. எடுக்கற நேரத்துலயே 1.1.

சரி, ரிலே கான்டாக்ட் கருகிடுச்சு. பழைய வண்டின்ன உடனே நான் மனசுக்குள்ள சந்தேகப்பட்டது சாவி சுவிட்சை, அளவு வேற சொல்லுது, அளவு சொல்றதுதான் சரி.

டிக் கூட வராத நேரம் இருக்குல்ல, அது தனி கேஸ். அதை இதோட குழப்பாதீங்க. அங்க காயிலுக்கே கரண்ட் வரல. சாவி திருப்பி பிடிச்சுக்கிட்டு 85-க்கும் 86-க்கும் நடுவுல பாருங்க. 12 வோல்ட் ரிலே சாதாரணமா 7, 8 வோல்டுக்கு மேல வந்தாதான் இழுக்கும். அதை விடக் கம்மியா இருந்தா 86 பக்கம் சாவி சுவிட்சா, இல்ல 85 பக்கம் எர்த்தான்னு பிரிச்சுப் பாக்கணும்: 86-லேந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தடவை, 85-லேந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தடவை. 85-ல சாவி திருப்பும்போது வோல்ட் ஏறுதுன்னா எர்த் இல்ல. பழைய வண்டில நான் முதல்ல கை வைக்கிறது எர்த் ஸ்க்ரூலதான், பெயின்ட் மேலயே முறுக்கி வச்சிருப்பாங்க, அடில துரு.

ஜனவரி 9, இரவு

மாத்துற வேலை. சின்ன வேலைதான், ஆனா அவசரப்பட்டா வயரிங்கை எரிச்சுக்கலாம்.

பேட்டரி நெகட்டிவ் முதல்ல கழட்டுங்க, கடைசில மாட்டுங்க. பாசிட்டிவை முதல்ல கழட்டினா ஸ்பேனர் பாடியில பட்ட உடனே ஸ்பேனரே வெல்டிங் ராடு. பழைய ரிலேவை கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. சாக்கெட்டா இல்லாம தனித்தனி வயரா சொருகியிருந்தா ஒவ்வொரு வயரா பழசுலேந்து புதுசுக்கு மாத்துங்க, எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு கலர் ஞாபகம் இருக்கும்னு நினைக்காதீங்க, பழைய வண்டில எல்லா கலரும் ஒரே அழுக்கு கலர்.

புது ரிலே மூடி மேல அச்சடிச்ச படத்தைப் பாருங்க. மூணு விஷயம் பாக்கணும்.

நடு பின் 87-ஆ 87ஏ-வா? ரெண்டும் வெளில பாக்க ஒரே மாதிரி இருக்கும். 87ஏ ரிலே சும்மா இருக்கும்போதே 30-ஓட ஒட்டியிருக்கற பின். செல்ஃப் வயரை அதுல சொருகிட்டு பேட்டரியை மாட்டினா சாவியே இல்லாம இன்ஜின் சுத்த ஆரம்பிக்கும், கையில ஸ்பேனரோட நிக்கறவர் நிலைமையை நெனச்சுப் பாருங்க.

உள்ள டயோடு (கரண்டை ஒரே திசையில மட்டும் விடறது) இருக்கா? படத்துல காயிலுக்குப் பக்கத்துல அம்புக்குறி மாதிரி ஒரு முக்கோணம் இருந்தா இருக்கு. அப்போ 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ், மாறக் கூடாது. மாறினா டயோடு நேரா ஷார்ட், ஃபியூஸ் போகும், இல்ல டயோடு வெடிக்கும். ரெசிஸ்டர் போட்ட ரிலேன்னா எப்படி வேணா போடலாம்.

மூணாவது, 30-உம் 86-உம் இருக்கற இடம். ஒரே அளவு ரிலேல ரெண்டு வகை இருக்கு, ஒண்ணுல 30 இருக்கற இடத்துல இன்னொண்ணுல 86 இருக்கும். ரெண்டும் ஒரே சாக்கெட்ல கச்சிதமா உக்காரும். ஹாரன் ரிலேவை மாத்திப் போடும்போது பாத்துப் போடுங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

ஜனவரி 10

அந்த மூணாவதைப் பத்தி இன்னும் கொஞ்சம். ஏன்னா இதுல மாட்டினவங்களுக்கு மாட்டினதே தெரியாது.

ஒரு பழைய டீசல் வேன் என்கிட்ட வந்துச்சு. பேட்டரி நிக்க மாட்டேங்குது, ஒரு வாரம் நிறுத்தினா காலி, ஆல்டர்னேட்டர் வரைக்கும் பாத்தாச்சுன்னு சொன்னாங்க. செல்ஃப் நல்லாவே எடுக்குது. வண்டி ராத்திரி பூரா நின்னிருக்கு, காலைல பானட்டைத் திறந்து தற்செயலா கை ரிலே மேல பட்டுச்சு, வெதுவெதுன்னு இருக்கு. நின்ன வண்டில ஏன் சூடு? வகை மாறின ரிலே. நிரந்தர பாசிட்டிவ் வயர் காயிலுக்குப் போயிடுச்சு, 85 நேரா எர்த், அதனால ரிலே பகலும் ராத்திரியும் இழுத்துக்கிட்டே இருக்கு. சாவி வயர் கான்டாக்ட் பக்கம் வந்துடுச்சு. சாவி திருப்பினா கான்டாக்ட் ஏற்கனவே மூடியிருக்கறதால கரண்ட் நேரா சோலினாய்டுக்குப் போகுது, செல்ஃப் எடுக்குது, யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா எந்தச் சாவி சுவிட்சைக் காப்பாத்த ரிலே வச்சாங்களோ அதே சுவிட்ச் வழியாத்தான் மொத்த கரண்டும் ஓடுது. காயில் 80, 90 ஓம், சுமாரா 0.15 ஆம்பியர், நாளைக்கு 3.6 ஆம்பியர் ஹவர். சின்ன பேட்டரி ஒரு வாரத்துல படுக்கறதுக்கு இது போதும்.

மாட்டி முடிச்சு சாவியை எடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ரிலேவைத் தொட்டுப் பாருங்க. குளிர்ச்சியா இருக்கணும்.

ஜனவரி 10, மதியம்

தம்பி மாட்டிட்டார், செல்ஃப் முதல் திருப்புலயே எடுக்குதாம், நன்றி சொல்லி இழையை மூடிடலாமான்னு கேக்கறார். மூட வேணாம். கான்டாக்ட் ஏன் கருகுச்சுன்னு யாரும் கேக்கலயே.

ஜனவரி 10, இரவு

நல்ல ரிலே பல வருஷம் ஓடும். சீக்கிரம் கருகினா பின்னாடி ஏதோ அதிகமா கரண்ட் இழுக்குது.

சோலினாய்டுக்குள்ள ரெண்டு காயில் சுத்தியிருக்கும். ஒண்ணு இழுக்கறதுக்கு, தடி வயர், நல்ல கரண்ட் குடிக்கும், அது மோட்டார் வழியாத்தான் எர்த்துக்குப் போகும். இன்னொண்ணு பிடிச்சு வைக்கறதுக்கு, மெல்லிசு, நேரா எர்த். இரும்புத் தண்டு உள்ள போய் செம்புத் தட்டு பெரிய ரெண்டு போல்ட்டையும் சேத்த உடனே இழுக்குற காயிலோட ரெண்டு முனையும் ஒரே வோல்டுக்கு வந்துடும், கரண்ட் நின்னுடும். அப்புறம் பிடிக்கிற காயில் மட்டும் 10 ஆம்பியர் பக்கம் எடுத்துக்கிட்டு இருக்கும். அதாவது ரிலே அந்த 30, 40-ஐ கண் சிமிட்டுற நேரம்தான் சுமக்கணும்.

செம்புத் தட்டு பள்ளம் பள்ளமா தேஞ்சு போயிருந்தா அது ஒழுங்கா சேராது. தண்டு உள்ள போயிடுச்சு, "டக்" கேட்டுடுச்சு, மோட்டார் சுத்தல, இழுக்குற காயில் கரண்டை விடல. நாம சாவியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கோம், முழு கரண்டும் அந்தச் சின்ன ரிலே தலைல. அப்புறம் வெறுத்துப் போய் சாவியை விடறோம், அவ்ளோ கரண்டை ரிலே அறுக்கணும், உள்ள ஆர்க் அடிக்கும், வெள்ளிக் கலவை கான்டாக்ட் உருகும். இதையே திரும்பத் திரும்ப பண்ணினா எந்த ரிலேவும் தாங்காது.

அதனால தம்பி, இன்னும் ஒரே ஒரு அளவு. இன்ஜின் சுத்தும்போது சோலினாய்டோட ரெண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவுல வோல்ட். 0.3-க்கு மேல போனா தட்டு தேஞ்சிருக்கு. அப்படியே பேட்டரி பாசிட்டிவ்லேந்து சோலினாய்டு போல்ட் வரைக்கும், இது 0.5 வரைக்கும் விடலாம். இன்ஜின் பாடிலேந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும், இது 0.2, 0.3-க்குள்ள. மேலே ரிலேக்கு நான் சொன்ன 0.2-ஐ எல்லா இடத்துக்கும் வச்சுக்காதீங்க, பெரிய கேபிள்ல நூறு ஆம்பியருக்கு மேல ஓடுது, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

ஜனவரி 12

கொஞ்சம் பாதை மாறுது, ஒருத்தர் "அந்தக் காலத்து வண்டில ரிலே ஏது"ன்னு கேட்டதால. உண்மைதான். 1912 கேடிலாக்ல சார்லஸ் கெட்டரிங் செல்ஃப் ஸ்டார்ட்டர் கொண்டு வந்த பிறகு ரொம்ப வருஷம் தரையில ஒரு மிதி பட்டன், இல்ல டேஷ்போர்டுல ஒரு இழுப்பான். நிறைய வண்டில மிதிச்சா நம்ம கால்தான் நேரா பெரிய கான்டாக்டை மூடும், நடுவுல எலக்ட்ரிக்கல் ஆள் யாரும் இல்ல. சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகறதை 1949-ல கிரைஸ்லர் கொண்டு வந்தாங்க. விரல்ல பிடிக்கற சாவிக்குப் பின்னாடி அவ்ளோ கரண்டை ஓட்ட முடியாது, அதனால நடுவுல சோலினாய்டு, ரிலே எல்லாம் தவிர்க்க முடியாம ஆச்சு.

பழைய ஃபோர்டு வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்: ஃபெண்டர் பக்கம் உருண்டையா நிக்கறதும் ரிலேதான், ஆனா மேலே நாம பேசின குட்டி டப்பா இல்ல, மோட்டாரோட மொத்த கரண்டும் அது வழியாவே போகும். அதுல எஸ், ஐ-ன்னு ரெண்டு சின்ன முனை. எஸ் சாவிக்கு. ஐ, செல்ஃப் சுத்தும்போது மட்டும் இக்னிஷன் காயிலுக்கு முழு வோல்ட் கொடுக்கும், ரெசிஸ்டர் வயரைத் தாண்டி. எஸ்ஸையும் ஐயையும் மாத்திடாதீங்க. காயிலுக்கு எர்த் அந்த ஸ்டாண்டு வழியாத்தான் கிடைக்கும், அதனால மாட்டுற இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி ஆக்கிட்டு மாட்டுங்க. அழகா பெயின்ட் அடிச்சு ரெஸ்டோர் பண்ணின வண்டில புது ரிலே சத்தமே போடாம இருக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் அந்த அழகுதான்.

ஜனவரி 13

பைக்காரங்க ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. பைக்ல பேட்டரி பக்கத்துல ரெண்டு பெரிய போல்ட்டோட இருக்கறதுதான் ஸ்டார்ட்டர் ரிலே, ஃபோர்டு கதை மாதிரி மோட்டார் கரண்ட் நேரா அது வழியா. காயில் பல வண்டில 3 லேந்து 5 ஓம், 3 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அந்த 3 ஆம்பியர் ஹேண்டில் பட்டன் வழியாத்தான் போகணும். பட்டன்ல பச்சை பூத்திருந்தா ரிலேவை எத்தனை மாத்தினாலும் அதே கதை. கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் எல்லாம் அந்தப் பாதையிலதான் உக்காந்திருக்கு, முதல்ல அதைப் பாருங்க. கார் டப்பா ரிலேவை பைக் மோட்டாருக்கு நேரா வைக்கலாமான்னு கேட்டவருக்கு: வேணாம், தாங்காது.

பட்டனை விட்ட பிறகும் செல்ஃப் சுத்திக்கிட்டே இருந்தா கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு. சாவியை எடுத்தாலும் நிக்காது, அந்தப் பாதை சாவிக்கு வெளில இருக்கு. பேட்டரி நெகட்டிவை உடனே கழட்டுங்க, மோட்டார் எரியறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. பேட்டரி வீக்கா இருக்கும்போது பட்டனைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கறதுலதான் இது ஆரம்பிக்கும். ரிலே முழுசா பிடிக்காம துடிக்கும், துடிச்ச ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி, கடைசில வெல்டிங்.

ஜனவரி 15

தம்பி பழைய ரிலே மூடியை பிளேடால நெம்பி எடுத்து போட்டோ போட்டிருக்கார். நல்ல போட்டோ. ஒரு பக்க கான்டாக்ட்ல குட்டிக் குழி, எதிர்ப் பக்கத்துல அதே அளவுக்கு ஒரு மேடு, சுத்தியும் புகைக்கறுப்பு. ஆர்க் அடிக்கும்போது ஒரு பக்கத்து உலோகம் கிளம்பி எதிர்ல போய் உக்காரும், டிசி கரண்ட்ல திசை மாறாததால அது ஒரே பக்கமா சேந்துக்கிட்டே போகும். காயில் பக்கம் பாருங்க, செம்புக் கம்பி புதுசா பளபளன்னு இருக்கு. டிக் சத்தம் அந்தப் பளபளப்போடது.

அதை உப்புத்தாள் போட்டு தேச்சு திரும்ப வைக்கலாமான்னு கேக்கறார். வழில மாட்டிக்கிட்டா வீடு போய்ச் சேர தேய்க்கலாம். மேல இருக்கற வெள்ளி போயிட்டா அடில இருக்கறது செம்பு, அது இன்னும் வேகமா கருகும்.

ஜனவரி 19

கடைசி அளவு வந்துடுச்சு. சோலினாய்டு போல்ட்டுக்கு நடுவுல 0.9. கேபிள் நல்லாருக்கு, இன்ஜின் எர்த்தும் நல்லாருக்கு. டிக்கே வராததுக்கு 85-ஓட எர்த் ஸ்க்ரூ, சுரண்டி முறுக்கினதும் சரியாம்.

செல்ஃப் மோட்டாரை இறக்கித்தான் ஆகணும். அந்த மாடல்ல செம்புத் தட்டும் போல்ட் கான்டாக்டும் தனியா கிடைச்சா அதை மட்டும் மாத்துங்க, டென்சோ கம்பெனியோட கியர் ரிடக்‌ஷன் டைப் மோட்டாருக்கெல்லாம் அப்படித் தனியா கிடைக்குது. மூடி ரிவெட் அடிச்ச சோலினாய்டுன்னா முழுசா புதுசுதான். இறக்கினதோட இறக்கினதா மோட்டாரோட கார்பன் பிரஷ் எவ்ளோ மிச்சம் இருக்குன்னும் பெண்டிக்ஸ் (இன்ஜின் பல் சக்கரத்துல போய் மாட்டுற சின்ன கியர்) பல் முனையையும் பாத்துடுங்க, அதுக்குன்னு இன்னொரு தடவை வண்டிக்கு அடில படுக்க வேணாம். அது முடியற வரைக்கும், டக்குனு சத்தம் வந்து சுத்தலன்னா சாவியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காம உடனே விட்டுடுங்க, புது ரிலே பாவம்.